சத்தம் ஓய்ந்த பிரிக்பீல்ட்ஸ்

2020 மார்ச் 18ஆம் தேதி பிரிக்பீல்ட்சில் முதலில் காணாமல் போனது பாட்டுதான். ஜாலான் துன் சம்பந்தனில் பத்து எட்டுக்கு ஒரு கடை ஒலிபெருக்கியை வாசலில் வைத்திருக்கும். ஒரு கடையில் எஸ்.பி.பி. சரணம் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கடையில் எல்.ஆர்.ஈஸ்வரி மாரியம்மனை அழைக்கத் தொடங்கிவிடுவார். அந்தச் சாலைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். அந்த இரைச்சலைத் திட்டாத நாளில்லை. அன்று காலை ஒன்பதாவது மாடிச் சன்னலைத் திறந்தேன். கீழே எங்கோ ஒருவர் தும்மியது கேட்டது. அந்த நாட்களில் ஒரு தும்மல் எவ்வளவு பெரிய சத்தம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

பத்திரிகைகள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று முழுப்பெயர் எழுதின. வீட்டில் எல்லாரும் பி.கே.பி. என்றே சொன்னோம். மார்ச் 31 வரைதான் என்றார்கள். பிறகு ஏப்ரல் 14 என்றார்கள், அப்புறம் 28, அப்புறம் மே 12. மார்ச் முடிவதற்குள் சாலைத் தடுப்புகளில் காவல் துறையோடு இராணுவமும் வந்து நின்றுவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் கடைகளுக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று நேரம் வைத்தார்கள். பொருள் வாங்கப் போகிறவர் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம், அதுவும் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும்.

இந்தக் குடும்பத் தலைவர் விதி எங்கள் வீட்டில் பெரிய நகைச்சுவை. எந்தக் கடையில் நல்ல சின்ன வெங்காயம் கிடைக்கும், எந்தக் கடைக்காரர் எடையில் கை வைப்பார் என்பதெல்லாம் தெரிந்தவர் என் மனைவி. அரசாங்கக் கணக்கில் தலைவர் நான். நாடு முழுக்க அந்த மாதம் ஆண்கள் பருப்புத் தட்டுகளுக்கு முன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுவா, பக்கத்துல இருக்கிறதா?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். மற்ற நாட்களில் மேசையில் கணினி, கணக்குப் புத்தகம், மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு வாரத்துக்குள் கிழமை மறந்துபோனது. நாளுக்கு ஓர் அடையாளம் என்று இருந்தது மாலைச் செய்தியாளர் கூட்டம் ஒன்றுதான். சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் வந்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். அவர் முடித்த அடுத்த நிமிடம் கிள்ளானிலிருந்து அம்மா அழைப்பார். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எப்பப்பா வருவே?"

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அம்மாவும் தம்பி குடும்பமும் ஜாலான் தெங்கு கிள்ளானா பக்கத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது, சர்க்கரை நோய் வேறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பசியாறிவிட்டு வந்த வீடு, திடீரென்று வேறு நாடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் கைப்பேசிக்கு ஓயாமல் காணொளிகள் வரும். ஊரடங்கில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி, நானூறு தடவை காப்பியைக் கலக்கி நுரை வரவழைப்பது எப்படி, மாடியில் தோட்டம் போடுவது எப்படி என்று. எனக்கு அவற்றின்மேல் பெரிய மதிப்பு வரவில்லை. மாதச் சம்பளம் வருகிற வீட்டில்தான் சலிப்பு ஒரு பிரச்சினை. தினக்கூலி நின்றுபோன வீட்டில் சலித்துக்கொள்ளவும் நேரமில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக இருந்த ஓர் அண்ணன். பார்வையற்றவர். உடம்பு பிடித்துவிடும் தொழில்.

பிரிக்பீல்ட்ஸ் தெரியாத வாசகர்களுக்காக இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1881இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. பலகையும் அத்தாப்பும் போதும், இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று பிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இந்தப் பக்கம் இருந்ததால் இது பிரிக்பீல்ட்ஸ் ஆனது. பின்னால் இரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களும் வந்தார்கள். கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்கள் கட்டிய மகா விகாரை, தேவாலயங்கள் என்று எல்லாச் சாமிக்கும் இடம் கிடைத்தது. 2010இல் அதிகாரபூர்வமாக 'லிட்டில் இந்தியா' ஆனது. இந்தக் கதையெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் ஓரமாக ஒரு வரியில் முடிந்துபோகிற இன்னொரு பிரிக்பீல்ட்ஸ் உண்டு. அது பார்வையற்றவர்களின் ஊர். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான், கிள்ளான் ஆற்றை ஒட்டிய ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. தெபிங் என்றால் மலாயில் கரை. அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் பலர் இந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார்கள். நடைபாதையில் புடைப்புப் போட்ட மஞ்சள் கோடும், சாலை கடக்கும் இடத்தில் கூவுகிற விளக்கும் அவர்களுக்காக வந்தவை.

உடம்பு பிடிக்கும் நிலையங்கள் முதல் நாளே மூடப்பட்டன. மற்ற தொழில்கள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகும் அவை திறக்க மாதக்கணக்கானது. ஆளைத் தொடாமல் செய்ய முடியாத வேலை அது. ஒரு நாள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அண்ணன் கம்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கடைக்குப் போறீங்களாண்ணே? நான் வாங்கிட்டு வர்றேனே."

"சாமான் கெடக்கட்டும் தம்பி. வெளியே போகவே பயமா இருக்கு. வழி தெரியல."

முப்பது ஆண்டுகளாக இந்தத் தெருவில் நடப்பவர் வழி தெரியவில்லை என்றது எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். கட்டட வாசலை விட்டு இறங்கினால் இடது பக்கம் பூமாலைக் கடை, வாசனை வரும். அதைத் தாண்டினால் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம். பிறகு கேசட் கடை. அவருக்கு அது இன்னமும் கேசட் கடைதான். அதன் பாட்டு இடது காதிலிருந்து பின்னால் போய்விட்டால் சாலை கடக்கும் இடம் வந்துவிட்டது என்று பொருள். இப்போது பூ இல்லை, ரொட்டி இல்லை, பாட்டும் இல்லை. "உங்களுக்கு ராத்திரியோட ராத்திரியா எல்லாப் பெயர்ப்பலகையையும் கழட்டிட்டுப் போனா எப்படி இருக்கும், அப்படி இருக்கு." இன்னொன்றையும் சொன்னார். சாலை கடக்க முழங்கையைக் கொடுத்து உதவ யாரும் பக்கத்தில் வருவதில்லை. கூடல் இடைவெளி. கடையில் காயைத் தொட்டுப் பார்த்தாலும் அதட்டுகிறார்களாம்.

அன்று முதல் அவருக்கும் சேர்த்து நான் சாமான் வாங்கினேன். இதில் பெரிய தருமம் ஒன்றுமில்லை. ஒரே பை, கூடுதலாக ஒரு ரொட்டி, நாலு முட்டை, ஒரு டின் மீன். அதற்கு அவர் கேட்ட கூலிதான் விசித்திரம். பொருளைக் கதவில் மாட்டிவிட்டு, மேலே போய்த் தொலைபேசியில் கூப்பிட்டு, வழியில் என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கூலியை அவர் வாங்கினாரா, நான் வாங்கினேனா என்று இப்போது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் நாள், "எல்லாம் மூடியிருக்கு, ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொண்டேன். மறுமுனையில் அவர் காத்திருந்தார். "ஒண்ணுமில்லன்னா எப்படி? மஞ்சக் கோட்டு மேல மோட்டார் நிக்குதா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்தக் கோடு போட்ட நாளிலிருந்து அதன் மேல்தான் மோட்டார் நிறுத்துவார்கள், அல்லது ஒரு தள்ளுவண்டி நிற்கும். இப்போது வாசலிலிருந்து சாலை முனைவரை மழையில் கழுவிவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. சொன்னதும் சிரித்தார். "கோடு காலியா இருக்கிறப்போ எனக்குப் போக எடமில்ல பாரு."

அடுத்த நாள் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். சாஞ்சி வாசலைப் போல நிற்கிற தோரண வாயிலின் கீழ் ஒரு பூனை மல்லாந்து படுத்திருந்தது. இரும்புக் கதவு அரைவாசி இறங்கிய வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், தாப்பாவ் பொட்டலத்துக்குள் இலையைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முழு இலைக்கு வேலையில்லை. கோயில் கதவு பூட்டியிருந்தது, பூட்டுக்கு மேல் யாரோ கற்பூரம் ஏற்றிய கரி. ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. கடைகளின் அஞ்சடி நடைபாதையில், மூடிய கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலம். கோலத்தின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறத்தை எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். "நீ சொல்லு, பேரு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

கண் தெரிந்தவன் நான், ஆனால் காதால் கேட்டுச் சொன்னது அவர்தான். "ஆறு கேக்குது தம்பி" என்று ஒரு நாள் விடியற்காலையில் கூப்பிட்டுச் சொன்னார். ஆற்றுக்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் கிள்ளான் ஆற்றுக்கு ஒரு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. இரண்டு கரையிலும் காங்கிரீட் போட்டு வாய்க்கால் மாதிரி ஆக்கிவிட்ட ஆறு. முந்தைய இரவு பெய்த மழைத் தண்ணீர், கல்லில் மோதிப் போகிற சத்தம் எங்கள் கட்டடம்வரை வந்தது. மலையில் பிறந்து கோலாலம்பூரைக் கடந்து, சுமார் 120 கிலோமீட்டர் போய்க் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. சாலைத் தடுப்பு எதுவும் அதற்கு இல்லை. எங்கள் பக்கத்துப் பிளாஸ்டிக் போத்தல்கள் அனுமதிக் கடிதம் இல்லாமலே அம்மாவின் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன.

குயிலும் அப்படித்தான். அஞ்சு மணிக்கே கூவத் தொடங்கிவிடும். ஊர் சுத்தமானதால் புதிதாகப் பறவைகள் வந்துவிட்டன என்று பலர் எழுதினார்கள். எங்கள் குயில் எங்கும் போயிருக்கவில்லை. எப்போதும் கூவிக்கொண்டுதான் இருந்தது, எங்களுக்குத்தான் கேட்கவில்லை. இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு சுவையான செய்தி கிடைத்தது. இந்த நாட்டுக் காகங்கள், அதாவது சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காகங்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவையாம். காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சிகளைத் தின்ன ஆள் தேவைப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் தங்கிவிட்டது. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிற குயிலும் காகத்தைத் தொடர்ந்து பெருகிவிட்டது. அம்மா தினமும் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "அப்ப அதுவும் நம்ம கூடக் கப்பல்ல வந்ததுதான். தோட்ட வேலைக்கு" என்றார்.

அம்மாவையும் அண்ணனையும் ஒரே அழைப்பில் இணைத்துவிட்டது என் மகள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே கதையை நான் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. பிறகு என்னுடைய பங்கு குறைந்துபோனது. அம்மா மாடிச் சன்னலில் உட்கார்ந்து தெங்கு கிள்ளானாவைச் சொல்வார். எந்தத் துணிக்கடைக்காரர் வந்து பூட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார், எதிர்மாடியில் என்ன தாளிக்கிறார்கள், காகம் எத்தனை வந்தது என்றெல்லாம். அண்ணன் இடையில் குறுக்குக் கேள்வி கேட்பார். "மழை வருதாம்மா அங்க? காத்து மாறுன சத்தம் கேக்குது." பத்து நிமிடத்தில் கிள்ளானில் மழை பெய்யும். நாற்பது நாளில் அம்மா "எப்பப்பா வருவே" என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அண்ணனே என்னைக் கூப்பிட்டார். "கீழ வா, மோந்து பாரு." கீழே போனால் மல்லிகை. மதுரைப் பக்கமிருந்து விமானத்தில் வருகிற மல்லி நின்றுபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் வளர்த்த செடி, அன்று ஏழெட்டுப் பூ பூத்திருந்தது. முகக்கவரியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஓர் ஒழுங்கான மனிதன் செய்யக்கூடாத அளவுக்கு அந்தச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன்.

ஜூன் 10இல் மீட்சி நிலை ஆணை வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகலாம். அந்த வாரக் கடைசியில் காரை எடுக்காமல் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறினோம், அண்ணனும் நானும். இரயிலில் போகலாம் என்றது அவர்தான். அவருக்குக் காரில் ஊர் தெரியாதாம், கண்ணாடி ஏற்றிவிடுகிறோம். 1886இல் சிலாங்கூரில் முதன்முதலாகப் போட்ட இரயில் பாதை இந்தக் கோலாலம்பூர் - கிள்ளான் தடம்தான். ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் குறுக்குக் கோடு ஒட்டியிருந்தார்கள். அண்ணன் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, கம்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அங்காசாபுரி வந்ததும், "ரேடியோ ஸ்டேஷன்" என்று அறிவிப்புக்கு முன்னாலேயே சொன்னார். மூன்று மாதமும் அவருக்குத் துணையிருந்தது அங்கிருந்து வருகிற மின்னல் எஃப்.எம்.தான். சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறும் என்றார், அன்று நாலு பேர்தான் ஏறினார்கள். பாடாங் ஜாவா தாண்டியதும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கால் இழுத்துப் பார்த்தார். கிள்ளான் வந்துவிட்டதா என்று வாசனையில் கண்டுபிடிக்கிறாராம். குளிர்சாதனப் பெட்டிக்குள் எந்த வாசனை வரும் என்று நான் கேட்கவில்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து அம்மா வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். அவர் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். "பார்க்க" என்றுதான் சொன்னார். 1961இல் கட்டிய கோத்தா பாலத்துக்குக் கூட்டிப் போனேன். மேல்தட்டு வாகனத்துக்கு, கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கு என்று இரண்டு அடுக்காகக் கட்டிய பாலம். கீழ்த்தட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே ஆறு அகலமானது, சத்தமே இல்லாமல் மண் நிறத்தில் போகும். "நம்ம வீட்டுப் பக்கம் கத்துது, இங்க வந்து அடங்கிடுச்சே" என்றார். முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். இரண்டு பேரும் முகக்கவரி போட்டிருந்தோம். பார்த்தவர்கள் எதுவும் சொல்லவில்லை.

அம்மா மாடிப்படி முனையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து அழுதுவிட்டு, அண்ணனிடம், "வாங்க தம்பி, குரலைக் கேட்டு ரொம்ப ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அக்டோபரில் சிலாங்கூரும் கோலாலம்பூரும் மறுபடி அடைபட்டன. தீபாவளி தொலைபேசியில் முடிந்தது. 2021 ஜனவரியில் தைப்பூசத்துக்கு வெள்ளி இரதம் கூட்டமில்லாமல், எங்கும் நிற்காமல் பத்துமலைக்குப் போனது. அந்த ஆண்டு ஜூன் முதல் தேதி முழு முடக்கம். இரண்டாவது தடவை யாரும் காப்பியைக் கலக்கவில்லை. ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடிகள் வந்தன. உதவி தேவைப்படுகிற வீட்டில் வெள்ளைத் துணி கட்டுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். எங்கள் எதிர்க் கட்டடத்தில் நான்காவது மாடியில் ஒரு தலையணை உறை தொங்கியது. அன்று மாலைக்குள் அந்த வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் போய்ச் சேர்ந்ததைச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

அண்ணனுக்கு அப்போது வேலை மறுபடியும் நின்று பல வாரம். நீங்களும் கட்டலாமே என்று தயங்கித்தான் கேட்டேன்.

"கொடியக் கட்டிட்டு, யாரு பாக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மாத வாடகையைக் கட்டடத்தில் ஆறேழு வீடுகள் பிரித்துக்கொண்டோம். வேலை திரும்பியதும் ஒவ்வொரு வீடாக வந்து, தோள்பட்டை வலி யாருக்கு இருக்கிறது என்று கேட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனார். எனக்கு நாற்பத்தைந்து நிமிடம், வேண்டாம் என்று சொன்னதற்காக இன்னும் பதினைந்து.

இப்போது ஜாலான் துன் சம்பந்தனில் ஒலிபெருக்கிகள் பழைய வேகத்தில் இருக்கின்றன. மஞ்சள் கோட்டின் மேல் மோட்டார்கள் நிற்கின்றன, அண்ணன் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சுற்றிப் போகிறார். ஆறு கேட்பதில்லை. குயில் கேட்கிறது, ஆனால் நேரத்தோடு எழுந்தால்தான். போன தீபாவளிக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தபோது அம்மா ஒரு டின் முறுக்கைக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே சிவந்திருந்தது. "அந்தத் தம்பிக்குன்னு தனியாச் சுட்டது, கடிச்சா நல்லாச் சத்தம் வரணும்ல" என்றார். டின்னை மறக்காமல் திருப்பிக் கொண்டு வரச் சொன்னார்.